வெகுளியும் தலைமைத் தகுதியும்

நாடாள விழைவோர் பலர் கூடிய அவையில் சினங்கொள்ளலாமா? கொண்டால், அச்சினம் அவர்தம் தகுதியைக் குறைக்குமா, கூட்டுமா? அமெரிக்க நாட்டில் அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் இவ்வினா எழுகின்றது. வேட்பாளர்கள் ஒரே மேடையில் நின்று வாதிடும் சொற்போரைக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் காண்கின்றனர். மறுநாள் எழும் பேச்சோ யாருடைய வாதம் வலியது என்பதைப் பற்றியதாக இருப்பதில்லை. யார் முகம் சிவந்தார், யார் குரலை உயர்த்தினார், யார் பொறுமை இழந்தார் என்பனவே பெரிதும் ஆராயப்படுகின்றன. சினந்தவர் 'அதிபருக்குரிய தோற்றம் இல்லாதவர்' என்னும் தீர்ப்பைப் பெறுகின்றார்.

இத்தீர்ப்பு முறையானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அயல்நாட்டு அரசியல் நமக்கெதற்கு என்று சிலர் வினவலாம். சொற்போர் ஒரு கலை. அக்கலையை நாம் பள்ளிகளிலே பயிற்றுகிறோம், பேச்சாளரின் உணர்ச்சி வெளிப்பாட்டிற்கு மதிப்பெண் வழங்குகிறோம், பரிசளித்து ஊக்குகிறோம். அவ்வாறிருக்க, ஒரு நாட்டின் ஆட்சியையே பணயமாக வைத்து நிகழும் சொற்போரில் உணர்ச்சி எவ்வாறு எடைபோடப்படுகின்றது என்பதை அறிவது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரும்பயன் தரும்.

மேடையும் திரையும்

1858ஆம் ஆண்டில் இலினாய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் ஏழு ஊர்களில் சொற்போர் நிகழ்த்தினர். அது செனட் சபை இடத்திற்கான போட்டியேயன்றி அதிபர் பதவிக்கானதன்று. ஒவ்வொரு சொற்போரும் மூன்று மணி நேரம் நீடித்தது. ஒலிபெருக்கி தோன்றாத அக்காலத்தில், திறந்த வெளியில் திரண்ட ஆயிரக்கணக்கானோர் கேட்கும்படி பேச வேண்டியிருந்தது. ஆகவே உரத்த குரல் அங்கே குறையாகக் கருதப்படவில்லை. அது தேவையாகவே இருந்தது. கேட்போரும் இடையிடையே கூவினர், ஆர்ப்பரித்தனர்.

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இந்நிலை மாறிற்று. அன்று சிக்காகோ நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் எதிரெதிரே நின்றனர். ஏறத்தாழ 7 கோடிப் பேர் அதனைக் கண்டனர். முழங்கால் நோயால் மருத்துவமனையில் கிடந்து மீண்டிருந்த நிக்சனின் முகம் வெளிறியிருந்தது, வியர்வையும் அரும்பியது. கென்னடியோ தெளிந்த முகத்தினராய்க் காணப்பட்டார். அன்று தொட்டு முகமும் வாதத்தின் ஒரு பகுதியாயிற்று. திரையானது முகத்தை அருகிற் கொணர்ந்து காட்டும். ஒலிவாங்கியோ மூச்சையும் பிடித்துத் தரும். பத்தாயிரம் பேரை நோக்கி எழுப்பிய குரல் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும்போது, அவ்வீட்டாரையே அதட்டுவது போலத் தோன்றும்.

இவ்வுண்மைக்கு 2004ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் நிகழ்ச்சி ஒரு சான்று. ஐயோவா மாநிலத்தில் மூன்றாமிடம் பெற்ற ஹோவர்டு டீன், சோர்ந்திருந்த தம் தொண்டர்களுக்கு ஊக்கமூட்ட உரத்த குரலெழுப்பினார். அரங்கிலிருந்தோர் எழுப்பிய ஆரவாரத்தில் அவர் குரலே அமிழ்ந்துபோயிற்று. ஆனால் அவர் கையிலிருந்த ஒலிவாங்கி சுற்றுப்புற ஓசையை நீக்கி அவர் குரலை மட்டும் பிடித்து அனுப்பிற்று. வீட்டிலிருந்து கேட்டோர்க்கு ஆரவாரம் கேட்கவில்லை; தன்னை மறந்த ஒருவரின் கூச்சலே கேட்டது. அதனைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அரங்கில் ஊக்கமாக இருந்தது திரையில் வெறியாக மாறிற்று. மக்கள் கண்டது டீனின் சினத்தையா, கருவி படைத்த சினத்தையா என்பது சிந்திக்கத்தக்கது.

திரையின் மீதுள்ள அச்சம் எத்துணை ஆழமானது என்பதை 1976ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டும். செப்டம்பர் 23ஆம் நாள் பிலடெல்பியாவில் ஜெரால்டு ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில் ஒலியமைப்பு பழுதுபட்டது. அது சீராக 27 நிமிடங்களாயின. அந்நேரம் முழுதும் இருவரும் தத்தம் இடத்தை விட்டகலாது, ஒருவரோடொருவர் உரையாடாது நின்றனர். சலிப்போ சினமோ முகத்தில் தோன்றிவிட்டால் அதுவே தமக்குத் தீர்ப்பாகிவிடும் என்று இருவரும் அஞ்சினர் போலும்!

இவ்வச்சத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அணுவாயுதத்தை ஏவும் கட்டளையைத் தாம் ஒருவராகவே பிறப்பிக்கும் அதிகாரம் அமெரிக்க அதிபருக்கு உண்டு. 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் லிண்டன் ஜான்சன் தரப்பினர் ஒரு விளம்பரத்தை ஒளிபரப்பினர். அதில் ஒரு சிறுமி மலரின் இதழ்களை எண்ணி எண்ணிப் பறிக்கின்றாள். அவ்வெண்ணிக்கை வேறொரு குரலால் இறங்குமுக எண்ணிக்கையாக மாறி அணுகுண்டு வெடிப்பில் முடிகின்றது. எதிர் வேட்பாளரான பாரி கோல்டுவாட்டரின் பெயர் அதில் இடம்பெறவேயில்லை. கட்டணம் செலுத்தி அதனை ஒளிபரப்பியதும் ஒரேயொரு முறைதான். எனினும் மக்கள் அதன் பொருளை உணர்ந்துகொண்டனர். 'இம்மனிதர் சினந்தால் என்ன ஆகும்?' என்பது அமெரிக்க வாக்காளரைப் பொறுத்தமட்டில் உயிர்ச் சிக்கலாகும். ஆகவே அமைதியை அவர்கள் தலைமைத் தகுதியாகப் போற்றுவதில் நியாயம் இருக்கின்றது. ஆயினும் அந்நியாயம் எதுவரை செல்லும் என்பதே நம் வினா.

வெகுளி வென்ற இடங்கள்

வெகுளி எப்போதும் தோல்வியையே தரும் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்றாகும். 1948ஆம் ஆண்டில் ஹாரி ட்ரூமன் புகைவண்டியில் ஊர் ஊராகச் சென்று, தம் திட்டங்களை நிறைவேற்றாத நாடாளுமன்றத்தை வன்மையாகச் சாடினார். கூட்டத்தினர், இன்னும் கடுமையாகச் சாடுமாறு அவரைத் தூண்டினர். எதிர்த்து நின்ற தாமஸ் டூயியோ வெற்றி உறுதியென நம்பி, யாரையும் புண்படுத்தாத பொதுமொழிகளையே பேசி வந்தார். தேர்தல் இரவில் டூயி வென்றதாகவே ஒரு சிக்காகோ நாளேடு தலைப்பிட்டுவிட்டது. வென்றவர் ட்ரூமனே.

தொலைக்காட்சிக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து நாசுவா நகரில், குடியரசுக் கட்சி வேட்பாளராக விழைந்த ரொனால்டு ரேகனும் ஜார்ஜ் புஷ்ஷும் சொற்போர் நிகழ்த்துவதாக இருந்தது. ஏற்பாடு செய்த நாளேடு இருவரை மட்டுமே அழைத்திருந்தது. சட்டச் சிக்கலால் நிகழ்ச்சிச் செலவை ரேகன் தரப்பு ஏற்றது. விடுபட்ட வேட்பாளர் நால்வரையும் மேடையில் அமர்த்த வேண்டும் என்று ரேகன் பேசத் தொடங்கியபோது, நெறியாளராக இருந்த பத்திரிகையாசிரியர் அவரது ஒலிவாங்கியை நிறுத்துமாறு பணித்தார். ரேகன் சினந்தெழுந்தார். இந்த ஒலிவாங்கிக்குப் பணம் செலுத்துபவன் நானே என்று முழங்கினார். சினத்தின் வேகத்தில் நெறியாளரின் பெயரையும் மாற்றிக் கூறினார். அவையோ கையொலி எழுப்பி ஆர்ப்பரித்தது. புஷ் ஏதும் பேசாது அமர்ந்திருந்தார். மூன்று நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பில் ரேகன் ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்றார். புஷ்ஷுக்கு நான்கில் ஒரு பங்கும் கிட்டவில்லை.

இங்கே வெகுளி எவ்வாறு வென்றது? ரேகன் தமக்காக மட்டும் சினக்கவில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட நால்வருக்காகச் சினந்தார். ஒருவர் பேசுவதை அடக்க முயன்ற செயலை எதிர்த்துச் சினந்தார். அச்சினத்தின் காரணம் அவையோர் கண்முன்னே நிகழ்ந்தது. எனவே அவர்களும் அவரோடு சேர்ந்து சினந்தனர். பேசாது அமர்ந்திருந்தவரின் அமைதியோ பொறுமையாகத் தோன்றாது உறுதியின்மையாகத் தோன்றிற்று.

எனினும் திறனாய்வாளன் இதனை முழுதும் நம்பிவிடலாகாது. அந்நால்வரை வரவழைத்தது ரேகன் தரப்பே. அவர் முழங்கிய தொடர், 1948ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் ஸ்பென்சர் டிரேசி பேசும் வசனத்தை ஒத்தது. ரேகனும் நடிகராக இருந்தவரே. மெய்யான சினமா, மேடைச் சினமா என்னும் ஐயம் ஒருபுறம் இருக்க, அவரது திறன் பிறிதோரிடத்திலும் வெளிப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் கிளீவ்லாந்தில் கார்ட்டர் அவரைத் தாக்கியபோது அவர் வெகுளவில்லை. புன்முறுவலோடு தலையசைத்து ஒரு சிறு தொடரால் அத்தாக்குதலை ஒதுக்கிவிட்டார். எவ்விடத்தில் சினப்பது, எவ்விடத்தில் நகைப்பது என்னும் இடமறிதல் அவரிடம் இருந்தது.

வெகுளி வீழ்த்திய இடங்கள்

1976ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் துணை அதிபர் வேட்பாளர்களான ராபர்ட் டோலும் வால்டர் மான்டேலும் சந்தித்தனர். அந்நூற்றாண்டில் அமெரிக்கா ஈடுபட்ட போர்களெல்லாம் ஜனநாயகக் கட்சியின் போர்கள் என்றும், அவற்றில் மாண்டவரும் புண்பட்டவரும் 16 இலட்சம் பேர் என்றும் டோல் கசப்புடன் கூறினார். இட்லரை எதிர்த்து நிகழ்ந்த போரும் அக்கணக்கில் அடங்கும். டோல் அப்போரிலே இத்தாலி மண்ணில் படுகாயமுற்று வலக்கை செயலிழந்தவர். ஆகவே அவர்தம் சினத்தில் உண்மையான வேதனை இருந்தது. ஆனால் அவ்வேதனைக்குக் காரணம் எதிரே நின்றவரோ அவர்தம் கட்சியோ அல்லர். சினம் உண்மை, இலக்குப் பிழை. வெட்டுக்கோடரி போன்றவர் என்று தமக்கிருந்த பெயரை டோல் அன்றிரவு நிலைநாட்டிக்கொண்டார் என மான்டேல் திருப்பித் தாக்கினார். அக்குறிப்பு டோலைப் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பாஸ்டனில் அல் கோரின் நிலை வேறு. அவர் கூவவில்லை, கடிந்துரைக்கவுமில்லை. இளைய ஜார்ஜ் புஷ் பேசும்போதெல்லாம் பெருமூச்செறிந்தார், விழிகளை உருட்டினார். கோரின் புள்ளிவிவரங்கள் பல செறிவானவை. ஆயினும் மக்கள் நினைவில் நின்றவை பெருமூச்சுகளே. அடுத்த சொற்போரில் அவர் அளவுக்கு மீறி அடங்கிப் பேசினார். மூன்றாவதில் எதிராளியின் அருகே நடந்து சென்று நின்றார். மூன்று மேடைகளில் மூன்று மனிதராகத் தோன்றியதே அவருக்கு ஊறு விளைத்தது.

டோலின் சினமும் கோரின் சலிப்பும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டும் தீங்கைக் கண்டு எழாது எதிராளியை இகழ்ந்து எழுந்தவை. தீங்கின் மீது கொண்ட சினத்தை அவை தன் சினமாக ஏற்கும். ஆளின் மீது கொண்ட இகழ்ச்சியை ஏற்பதில்லை. இகழ்ந்தவரையே அளக்கத் தொடங்கிவிடும்.

வெகுளாமை வீழ்த்திய இடம்

வெகுளாமையும் வீழ்த்துவதுண்டு. 1988ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசு நகரில் மைக்கேல் டுகாகிஸ், துணை அதிபராயிருந்த ஜார்ஜ் புஷ்ஷோடு வாதிட்டார். டுகாகிஸ் மரண தண்டனையை எதிர்ப்பவர். நெறியாளர் பெர்னார்டு ஷா எடுத்த எடுப்பிலேயே, டுகாகிசின் மனைவி கற்பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டால் கொலைஞனுக்கு மரண தண்டனை வேண்டுவாரா என்று வினவினார். டுகாகிஸ் முகத்தில் எவ்வகை மாறுதலும் இல்லை. வாழ்நாள் முழுதும் மரண தண்டனையை எதிர்த்து வந்ததை நினைவூட்டி, அதனால் குற்றங்கள் குறைவதற்குச் சான்றில்லை என்று எடுத்துரைத்து, தம் மாநிலத்தில் குற்றம் குறைந்தமையை விளக்கி, போதைப்பொருள் ஒழிப்பு பற்றிய திட்டத்திற்குச் சென்றுவிட்டார்.

விடையில் பிழையில்லை. கொள்கை மாறாமை போற்றத்தக்கது. ஆயினும் பார்த்தோர் திகைத்தனர். மனைவிக்கு நேரும் கொடுமையைக் கற்பனை செய்து கேட்ட வினாவைக் கேட்டும் கலங்காதவர், பிறர் மனைவியர்க்கும் மக்களுக்கும் நேரும் கொடுமைக்குக் கலங்குவாரா என்று ஐயுற்றனர். அதற்கு முன்பே டுகாகிஸ் பின்தங்கியிருந்தார். ஆகவே அவ்வொரு விடையே அவரைத் தோற்கடித்தது என்று சொல்வது மிகை. ஆனால் அவர்பால் மக்கள் கொண்டிருந்த ஐயத்தை அது உறுதிப்படுத்திற்று. புஷ் 40 மாநிலங்களில் வென்றார்.

டுகாகிஸ் என்ன செய்திருக்கலாம்? கொள்கையைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. 'என் மனைவியை இவ்வாறு பேசுவது முறையன்று' என்று வினாவின் கொடுமையை எதிர்த்து ஒரு கணம் சினந்திருக்கலாம். அத்தகைய கொடியவனைத் தம் கையாலேயே தண்டிக்கத் தமக்குத் தோன்றும் என்று ஒப்புக்கொண்டு, அரசு அவ்வுணர்ச்சியின் வழிச் செல்லலாகாது என்பதாலேயே மரண தண்டனையை எதிர்ப்பதாக முடித்திருக்கலாம். அப்பொழுது சினம் கொள்கைக்குப் பகையாகாது, அதற்குத் துணையாகியிருக்கும். சினமே அறியாதவர் அதனை அடக்குகிறார் என்று யார் நம்புவர்? உள்ளே எழுவதைக் காட்டி, அதனை வெல்வதைக் காட்டுபவரையே மக்கள் அடக்கமுடையவர் என்று ஏற்பர்.

தமிழ் மரபு தரும் அளவுகோல்

மேலே கண்ட நிகழ்ச்சிகளை ஒழுங்குபடுத்தி நோக்க நம் இலக்கண மரபு துணை நிற்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளியும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுகிறார். உறுப்பைச் சிதைத்தல், குடியை நலிதல், அடித்தும் வைதும் அலைத்தல், கொல்லுதல் என்னும் நான்குமே தீங்குச் செயல்கள். வாதத்தில் தோற்பதும், தன்னைப் பிறர் மதியாமையும், எதிராளி கையொலி பெறுவதும் அந்நான்கனுள் இடம்பெறவில்லை. தீங்கு கண்டு எழுவதே வெகுளி. தன் மதிப்புக் குறைவது கண்டு எழுவது வெறும் எரிச்சல். நாசுவா மேடையில் மக்கள் கண்டது முன்னது. பாஸ்டன் மேடையில் கண்டது பின்னது.

திருக்குறளோ வெகுளாமையை அறத்துப்பாலில், துறவறவியலில் 31ஆம் அதிகாரமாக வைக்கின்றது. பொருட்பாலில் அரசனுக்கென வைத்த அதிகாரம் வெருவந்த செய்யாமை. இவ்வைப்பு முறை ஊன்றி நோக்கத்தக்கது. துறவியைப் பற்றிய வினா அவனுக்குச் சினம் உண்டா என்பது. அரசனைப் பற்றிய வினா அவனைக் கண்டு குடிகள் அஞ்சுகின்றனரா என்பது. ஆளவிருப்பவரைத் துறவியின் அளவுகோலால் மட்டும் அளப்பது பொருந்தாது. 'இவர் சினம் எங்களைக் காக்குமா, எங்கள்மேற் பாயுமா?' என்பதே குடிமக்கள் கேட்க வேண்டிய வினா.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் சினந்து நின்றாள். அவள் சினம் மட்டும் வழக்கை வெல்லவில்லை. சிலம்பின் பரல் மாணிக்கமா, முத்தா என்னும் சான்றே வென்றது. சினம் அவளை அவைக்குக் கொணர்ந்தது; சான்று தீர்ப்பைக் கொணர்ந்தது. அதன்பின் மதுரையை எரித்த சினத்தைப் பற்றியோ அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். சான்றின் எல்லைக்குள் நின்ற வெகுளியையும் அதனைக் கடந்த வெகுளியையும் இளங்கோவடிகள் அடுத்தடுத்துக் காட்டியிருப்பது சொற்போர் பயில்வோர்க்குச் சிறந்த பாடமாகும்.

வெகுளும் உரிமை யாருக்கு?

இதுகாறும் வேட்பாளரை ஆராய்ந்தோம். இனி, மதிப்பிடுவோரையும் ஆராய வேண்டும். ஏனெனில் ஒரே சினம் எல்லோரிடத்தும் ஒன்றாக மதிக்கப்படுவதில்லை.

2001ஆம் ஆண்டில் லாரிசா டீடன்ஸ் என்னும் உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதிபர் பில் கிளின்டன் விசாரணையொன்றில் அளித்த சாட்சியத்திலிருந்து, அவர் சினந்து பேசிய பகுதியைச் சிலருக்கும் வருந்திப் பேசிய பகுதியை வேறு சிலருக்கும் காட்டினார். சினத்தைக் கண்டோரே அவர் பதவியில் நீடிப்பதற்கு மிகுதியாக ஆதரவளித்தனர். சினம் வலிமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. ஆனால் 2008ஆம் ஆண்டில் விக்டோரியா பிரெஸ்காலும் எரிக் ஊல்மனும் வெளியிட்ட ஆய்வு வேறோர் உண்மையைக் காட்டிற்று. பணி நேர்காணலில் சினத்தை வெளிப்படுத்திய ஆணின் மதிப்பு உயர்ந்தது. அவ்வாறே செய்த பெண்ணின் மதிப்புத் தாழ்ந்தது. ஆண் சினந்தால் அதற்கு வெளியே ஒரு காரணம் இருக்கும் என்று எண்ணினர். பெண் சினந்தால் அது அவள் இயல்பென்று எண்ணினர். சினத்திற்கான புறக்காரணத்தை எடுத்துக்காட்டியபோது அவ்வேறுபாடு குறைந்தது.

2016ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாஸ் வேகாஸ் மேடையில் ஹில்லரி கிளின்டன் பேசிக்கொண்டிருக்கையில் டோனல்டு டிரம்ப் குறுக்கிட்டு அவரைக் கொடிய பெண் என்னும் பொருள்படப் பழித்தார். பழிக்கப்பட்டவர் சினங்காட்டாது தம் பேச்சைத் தொடர்ந்தார். சினந்திருந்தால் அப்பழிக்கே சான்றளித்தவராகியிருப்பார். பராக் ஒபாமாவின் நிலையும் இத்தகையதே. கறுப்பின ஆடவன் சினந்தால் அவனைக் கண்டு அஞ்சுவது அந்நாட்டில் ஆழ வேரூன்றிய தப்பெண்ணம். ஒபாமாவுக்காகச் சினந்து பேச ஒரு 'சின மொழிபெயர்ப்பாளர்' இருப்பதாக நகைச்சுவையாளர் இருவர் நாடகம் படைத்தனர். 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த வெள்ளை மாளிகைச் செய்தியாளர் விருந்தில் அப்பாத்திரத்தை ஒபாமா தம் அருகிலேயே நிறுத்திப் பேசவைத்தார். எல்லோரும் நகைத்தனர். ஒருவர் தம் சினத்தைப் பிறர் வாயால் மட்டுமே வெளியிட முடியும் என்னும் நிலை நகைப்புக்குரியதுதானா?

அமைதியே தலைமைத் தகுதி என்னும் விதி, எல்லோருக்கும் ஒரே அளவாக விதிக்கப்படும்வரை பொதுவிதி ஆகாது. சினக்கக் காரணம் மிகுதியாக உடையவரே சினக்கும் உரிமை குறைவாக உடையவராய் இருப்பரேல், அவ்விதி அமைதியின் பெயரால் நிலவும் ஓரவஞ்சனையே ஆகும்.

ஒரு மறுப்பும் விடையும்

'இவ்வளவு அளவுகோல்கள் எதற்கு? டிரம்ப் மேடைகளில் சினந்தார், குறுக்கிட்டார், பழித்தார்; 2016இலும் 2024இலும் வென்றாரே' என்று மறுப்போர் உண்டு. மறுப்பு வலியது, ஒதுக்கத்தக்கதன்று.

2016 சனவரியில் தம் கட்சியினரோடு நிகழ்ந்த சொற்போரில், சினம் கொண்டவர் என்னும் பெயரைத் தாம் மகிழ்ந்தே ஏற்பதாக டிரம்ப் கூறினார். நாடு சீராக நடத்தப்படவில்லை என்பதே அதற்கு அவர் தந்த காரணம். அவரை ஆதரித்தோர் அச்சினத்தைத் தங்கள் சினமாகவே கருதினர். ஆகவே, பிறர்க்குற்ற தீங்கு கண்டு எழும் வெகுளியையே மக்கள் ஏற்பர் என்னும் கூற்றை இது மறுக்கவில்லை, உறுதி செய்கின்றது. ஆனால் அவர்கள் நம்பியதனாலேயே அச்சினம் நேர்மையானது என்று ஆகிவிடாது. மேலும் 2024 செப்டம்பர் 10ஆம் நாள் பிலடெல்பியாவில் நிகழ்ந்த சொற்போரில் கமலா ஹாரிசே சிறந்து விளங்கினார் என்று உடனடிக் கருத்துக் கணிப்புகள் கூறின. தேர்தலில் வென்றவரோ டிரம்ப். சொற்போரில் வெல்வது வேறு. தேர்தலில் வெல்வது வேறு. விலைவாசியும் கட்சிப்பற்றும் பிறவும் தேர்தலை முடிவு செய்கின்றன. ஒரு மாலைப்பொழுதின் முகக்குறிப்பு மட்டும் முடிவு செய்வதில்லை.

2020 செப்டம்பர் 29ஆம் நாள் கிளீவ்லாந்தில் நடந்ததையும் நினைக்க வேண்டும். டிரம்ப் இடைவிடாது குறுக்கிட்டார். பொறுமையிழந்த ஜோ பைடன் வாயை மூடுமாறு அவரிடம் கூறினார். நெறியாளரின் வேண்டுகோள்கள் பயனற்றுப் போயின. அக்டோபர் 22ஆம் நாள் நாஷ்வில் நகரில் நிகழ்ந்த சொற்போரில், ஒருவர் தம் இரண்டு நிமிட விடையைக் கூறும்போது மற்றவரின் ஒலிவாங்கியை நிறுத்திவைக்கும் விதி வந்தது. 1980இல் ஒலிவாங்கியை நிறுத்தச் சொன்னவரை மக்கள் வெறுத்தனர். 2020இலோ நிறுத்துவதே நன்றென்று கருதும் நிலை வந்தது. நாசுவாவில் எழுந்த வெகுளி, பேச்சுரிமையைக் காக்க எழுந்தது. கிளீவ்லாந்தில் எழுந்த வெகுளியோ பேச்சையே அழித்தது.

இங்கே ஆசிரியர் நன்கறிந்த வேறுபாடொன்றை நினைவுகூர்தல் தகும். அரங்கு நிறைய ஓடும் நாடகமெல்லாம் நல்ல நாடகமன்று. எடுபடுவது வேறு, தகுதியுடையது வேறு. எது எடுபடும் என்று கணிப்பது தேர்தல் தரகரின் வேலை. எது தகும் என்று ஆராய்வதே திறனாய்வாளனின் கடமை.

முடிவுரை

வெகுளி தலைமைத் தகுதியைக் குறைக்கும் என்று பொதுப்படக் கூறுவது பிழை. கூட்டும் என்பதும் பிழை. வெகுண்டாரா என்று கேட்பதை விடுத்து மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். யாருக்கு நேர்ந்த தீங்கிற்காக வெகுண்டார்? அவ்வெகுளிக்கு அவையோர் ஏற்கத்தக்க சான்று உண்டா? வெகுண்டபின் மறுமொழிக்கு இடந்தந்து வாதத்திற்கு மீண்டாரா? இம்மூன்றனுள் முதலாவதில் கோர் தவறினார். இரண்டாவதில் டோல் தவறினார். மூன்றாவதில் கிளீவ்லாந்து மேடை தவறிற்று. டுகாகிசோ இவ்வினாக்களுக்கே இடமளிக்காது போனார்.

நம் பள்ளி மேடைகளுக்கும் இது பொருந்தும். மேசையைத் தட்டிக் குரலை உயர்த்தும் மாணவனுக்கு 'உணர்ச்சி' என்னும் தலைப்பின்கீழ் மதிப்பெண் தருகிறோம். அவ்வாறே உயர்த்தும் மாணவியை 'அடக்கம் இல்லை' என்று எழுதிக் குறைக்கின்ற நடுவர்கள் இல்லாமற் போகவில்லை. மனப்பாடம் செய்த சினத்திற்குப் பரிசும், உள்ளத்திலிருந்து எழுந்த சினத்திற்குக் கண்டிப்பும் வழங்கும் மேடையில் பயின்றவர் நாளை நல்ல வாக்காளராவது எங்ஙனம்? சினத்தை அடக்கக் கற்பிப்பதோடு, எதற்குச் சினக்க வேண்டும் என்பதையும் கற்பித்தல் வேண்டும். அநீதி கண்டும் முகஞ்சிவவாதவனும், தன்னை மறுத்துப் பேசியவனைக் கண்டவுடன் முகஞ்சிவப்பவனும் ஒருங்கே தலைமைக்கு உரியர் அல்லர்.